கரையடியில் கசியும் தண்ணீர் என்ன நிறம்?

போன மாதம் சென்னையின் குடிநீர் ஏரிகளைப் பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, பாதிக்கு மேல் தண்ணீரைப் பற்றி இல்லை, கரையைப் பற்றி. எனக்கு அதில் ரொம்ப சந்தோஷம். வேலையில் இருந்த காலம் முழுக்க ஏரிக்கரைகளில் நடந்தவன் நான். ஏரி நிரம்பிவிட்டதா என்று கேட்பவர்கள் ஊர் முழுக்க உண்டு, கரை எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள் அபூர்வம். அதனால் இந்த மாதம் முழுக்க அந்தக் கடிதங்களுக்கே.

எங்கள் ஊர் ஏரி நிரம்பினால் கரைக்கு வெளிப்பக்கம் அடியில் சொதசொதவென்று ஈரமாகிவிடுகிறது. ஓரிடத்தில் தண்ணீர் கசிந்து ஓடவே செய்கிறது. ராத்திரி தூக்கம் வருவதில்லை. பயப்பட வேண்டுமா ஐயா?
- காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி

முதலில் பயத்தைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள் அம்மா. கசியாத மண்கரை என்று ஒன்று கிடையாது. ஒரு பக்கம் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கிறது, மறுபக்கம் வெறும் நிலம், நடுவில் இருப்பது மண்தான், அதில் தண்ணீர் ஊறிக்கொண்டுதான் இருக்கும். எங்கே வெளியே வருகிறது, எவ்வளவு வருகிறது, என்ன நிறத்தில் வருகிறது, இந்த மூன்றையும் பார்க்க வேண்டும். நான் முதலில் பார்ப்பது நிறத்தை.

ஒரு வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் அந்தத் தண்ணீரைப் பிடித்து அரை மணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். அடியில் ஒன்றும் தங்காவிட்டால் வருவது வெறும் தண்ணீர், வரட்டும், ஆனால் தினமும் பாருங்கள். பாட்டிலின் அடியில் மெல்லிசாக மண் படிந்தால் அது கரையின் மண், கரை உள்ளுக்குள் கரைந்து வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த அரிப்பு பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் தொடங்கி ஏரியை நோக்கி உள்ளே குடைந்துகொண்டு போகும். குடையக் குடையத் தண்ணீர் கடக்க வேண்டிய மண்ணின் தூரம் குறையும், தூரம் குறையக் குறைய வேகம் கூடும், வேகம் கூடினால் இன்னும் மண்ணை இழுக்கும். மாதக்கணக்கில் சும்மா இருந்த கசிவு சில மணி நேரத்தில் உடைப்பாக மாறுவது இப்படித்தான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் என்று ஒரு மண் அணை, முதல் தடவையாக நிரப்பிக்கொண்டிருந்த புத்தம்புது அணை. 1976 ஜூன் 5ஆம் தேதி காலையில் கலங்கல் தண்ணீர் கசிவதைப் பார்த்தார்கள், நண்பகலுக்குள் அணை உடைந்துவிட்டது. 11 பேர் இறந்தார்கள்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் ஒரு கரை லஸ்கர், கரையில் நடந்து காவல் பார்க்கும் ஊழியர். கார்த்திகை மாதம், இரவு, நல்ல மழை. கரைக்குக் கீழே வயலில் ஒரு தாம்பாளம் அகலத்துக்கு மணல் கொதிப்பதுபோல் பொங்கிக்கொண்டிருந்தது. ஊர்க்காரர்கள் களிமண்ணையும் மூட்டைகளையும் போட்டு அதை அடைக்கப் பார்த்தார்கள், அவர் விடவில்லை. ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி இடுப்பளவுக்குத் தண்ணீரை நிற்க வைத்தார். உள்ளே முதலில் பருமணல், அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி. டார்ச் வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தோம், செம்மண் நிறத்தில் வழிந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிந்தது. "தண்ணியை விட்ரணும் சார், மண்ணைத்தான் விடக் கூடாது" என்றார். அடைத்திருந்தால் அழுத்தம் வேறு இடத்தைப் பிளந்துகொண்டு வந்திருக்கும். பொறியியல் புத்தகத்தில் தலைகீழ் வடிகட்டி என்று படித்திருந்தேன், அன்றைக்குத்தான் புரிந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கசிவு வரும் இடத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வையுங்கள், செல்போனில் தேதியோடு படம் எடுங்கள், நீர்வளத் துறையின் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். தண்ணீர் கலங்கினால், அல்லது ஒரே நாளில் கூடினால், எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். உடனே போன் செய்யுங்கள், தாழ்வான வீடுகளில் இருப்பவர்களிடமும் சொல்லிவிடுங்கள்.

புழல் ஏரி பிரிட்டிஷ் காலத்தில் கட்டியது. 150 வருஷம் ஆகப்போகிறது. கட்டடத்துக்கு ஆயுள் சொல்கிறார்கள், மண்கரைக்கு என்ன ஆயுள்?
- ஆவடி வாசகர்

மண்ணுக்கு ஆயுள் தேதி இல்லை. நன்றாகத் திமிசு போட்டு இறுக்கிய களிமண், காலம் போகப்போக இன்னும் இறுகும். ஆயிரம் ஆண்டு தாண்டிய ஏரிக்கரைகள் நம்மிடம் இன்றும் தண்ணீர் தாங்குகின்றன, சோழர் காலத்து வீராணம் சென்னைக்கே குடிநீர் அனுப்புகிறது.

புழலின் கதை வேறு மாதிரி. சென்னைக்குக் குடிநீர் கொண்டுவர 1872இல் ஒரு திட்டம் வந்தது. கொசஸ்தலை ஆற்றில் தாமரைப்பாக்கத்தில் அணைக்கட்டு, அங்கிருந்து கால்வாயில் சோழவரம், அங்கிருந்து புழல், அங்கிருந்து கீழ்ப்பாக்கம். தண்ணீர் தானாகவே சரிவில் ஓடி வந்தது. புழல் ஏரி அந்தக் காலத்தில் இவ்வளவு பெரியது இல்லை, பிறகு பெரிதாக்கியதுதான் இப்போதைய 3,300 மில்லியன் கன அடி, 21.20 அடி ஆழம்.

வயதாவது கரைக்குள் இருக்கும் மற்ற சாமான்களுக்கு. மதகு, மதகின் ஷட்டர், ஷட்டரின் ரப்பர் சீல், திருகு கம்பி, கரையைக் குறுக்கே கடக்கும் செங்கல் அல்லது இரும்புக் குழாய், உள்சரிவில் அலை அடிக்காமல் பதித்த கல் பிச்சிங். இதில் என்னைக் கேட்டால் அந்தக் குழாய்தான் முக்கியம். மண்ணும் கட்டடமும் சேரும் இடத்தில் திமிசு போடுவது கஷ்டம், மண் இறங்கும், கட்டடம் இறங்காது, நடுவில் ஒரு மயிரிழை வழி விழும். தண்ணீருக்கு அது போதும். கரையை நான் பார்க்கப் போனால் முதலில் மதகடிக்குத்தான் போவேன்.

இன்னொன்று, பழைய கரைகளுக்குள் மணல் வடிகட்டி அடுக்கு கிடையாது. இன்று கட்டும் மண் அணையில் நடுவே களிமண், அதை ஒட்டி வெளிப்பக்கம் மணல் அடுக்கு, அடியில் வடிகால் என்று வைப்பார்கள், கசிவு வந்தாலும் மண்ணைத் தூக்கிக்கொண்டு வர முடியாது. நூறு வருஷத்துக்கு முந்தைய கரையில் அந்த வேலையைச் செய்வது லஸ்கரின் கண்தான். பழைய கரையைப் புதுக் கரையைவிட அதிகமாக நடந்து பார்க்க வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

2015இல் எங்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். செம்பரம்பாக்கம் ஏரியைத் திறக்காமல் இருந்திருக்கலாமே? இப்போதும் ஏன் 24 அடி நிரப்பாமல் 22 அடியிலேயே திறக்கிறார்கள், கோடையில் தண்ணீர் இல்லை என்று பிறகு சொல்கிறார்களே?
- சென்னை, அடையாற்றங்கரை வாசகர்

உங்கள் வீட்டில் நடந்ததற்கு எந்தக் கணக்கும் ஆறுதல் ஆகாது, தெரியும். ஆனால் அன்று இரவு திறக்காமல் இருந்திருக்க முடியாது.

கான்கிரீட் அல்லது கல் அணையின் தலைக்கு மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரம் தாங்கும். மண்கரைக்கு மேல் ஓர் அடி உயரத்துக்கு வழிந்தாலும் வெளிச்சரிவு சர்க்கரை போலக் கரையும், வெட்டு விழுந்த இடம் விரிந்துகொண்டே போகும், பிறகு யாராலும் நிறுத்த முடியாது. 1979 ஆகஸ்ட் 11ஆம் தேதி குஜராத்தின் மோர்பி ஊரை அழித்த மச்சு அணையில் நடுவிலிருந்த கட்டடப் பகுதி நின்றது, இருபுறமும் இருந்த மண்கரைதான் போனது. 2021 நவம்பர் 19இல் ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் அன்னமய்யா அணையின் மண்கரை உடைந்ததும் இதே வழியில். மேலே இருந்த பிஞ்சா அணைப் பக்கத்திலிருந்து வெள்ளம் வந்தது, இருந்த ஐந்து கதவுகளில் ஒன்று வேலை செய்யவில்லை. கரை உடைந்தால் ஏரியில் உள்ளது அத்தனையும் ஒரே நேரத்தில் வரும்.

2015 டிசம்பர் 1ஆம் தேதி செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 சென்டிமீட்டர் மழை. அன்று இரவு விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள். அதே வேகத்தில் ஒரு நாள் முழுக்க ஓடினால் 2,500 மில்லியன் கன அடி, அதாவது ஏரியின் மொத்தக் கொள்ளளவான 3,645இல் மூன்றில் இரண்டு பங்கு. வருகிற தண்ணீரும் அதே அளவில் இருக்கும்போது கதவை மூடி வைத்தால், 22 அடிக்கும் 24 அடிக்கும் நடுவில் இருக்கிற இடம் ஐந்தாறு மணி நேரத்தில் தீர்ந்துவிடும்.

ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கேட்க வேண்டியது திறந்ததை அல்ல, எப்போது திறக்கத் தொடங்கினார்கள் என்பதை. நவம்பரிலேயே பெருமழை பெய்து, அடையாற்றில் வெள்ளம் பார்த்த பிறகு, அடுத்த மழைக்கு முன்பே ஏரியில் இன்னும் இடம் விட்டிருக்க வேண்டும், திறப்பதை ஆற்றங்கரையில் ஒவ்வொரு தெருவுக்கும் சொல்லியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. மத்திய தணிக்கை அறிக்கையும் ஏரியைக் கையாண்ட விதத்தைக் குறை சொன்னது. 2020இல் நிவர் புயலின்போது நவம்பர் 25ஆம் தேதி 22 அடி தொட்டதுமே 1,000 கன அடியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டினார்கள், முன்கூட்டியே அறிவித்தார்கள். கோடைக்கு அந்த 2 அடி தண்ணீர் நஷ்டம்தான், மறுக்கவில்லை. 2019 ஜூனில் அந்த ஏரி வறண்டு வெடித்துக் கிடந்ததைப் பார்த்தவன் நான். இருந்தாலும் பெருமழைக் காலத்தில் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

கரையை இன்னும் நாலடி உயர்த்திவிட்டால் என்ன?
- போரூர் வாசகர்

உயர்த்தலாம், செய்தும் இருக்கிறார்கள். ஆனால் மண்கரையின் மேல் மண்ணைக் கொட்டினால் உயரம் வந்துவிடாது. ஓர் அடி உயரத்துக்கு உள்சரிவு இரண்டரை அடி, வெளிச்சரிவு இரண்டு அடி என்று வைத்தால் ஓர் அடி உயர்த்த அடியில் நாலரை அடி அகலம் கூட வேண்டும். நாலடிக்கு 18 அடி, கரையின் முழு நீளத்துக்கும். வெளிப்பக்கம் வீடு கட்டியிருக்கிறார்கள், இடம் எங்கே? பழைய மண்ணும் புது மண்ணும் ஒட்டுவதற்குப் பழைய சரிவைப் படிபடியாக வெட்டி, ஈரம் பார்த்து, அடுக்கடுக்காக இறுக்க வேண்டும். உபரி நீர் வழியும் கலங்கலையும், மதகையும் சேர்த்து உயர்த்த வேண்டும். அப்புறம் தண்ணீர் பின்னால் இன்னும் பரவும், அங்கேயும் ஊர் இருக்கிறது.

அப்படியானால் தூர் வாரி ஆழப்படுத்தலாமே?
- பூந்தமல்லி வாசகி

கட்டாயம் செய்ய வேண்டும், ஆனால் கரையிலிருந்து நன்றாகத் தள்ளி. ஏரியின் தரையில் வருஷக்கணக்காகப் படிந்த களிமண் ஒரு பாய் விரித்தமாதிரி கசிவைத் தடுக்கிறது. பொக்லைன் வைத்து உள்பக்கம் கரையடியில் குழி தோண்டினால் அந்தப் பாய் கிழியும், கரைக்கு முட்டுக்கொடுக்கிற மண்ணும் போகும். வண்டிக்கு வசதி என்று கரையோரத்திலேயே மண் எடுப்பதை எங்கே பார்த்தாலும் நிறுத்தச் சொல்லுங்கள்.

எங்கள் ஏரிக்கரையில் வேம்பு, புளி எல்லாம் நிழலாக வளர்ந்து நிற்கிறது. பனை நட்டால் கரை பலப்படும் என்கிறார் தாத்தா. உண்மையா?
- திருவள்ளூர் மாவட்டம், பள்ளி மாணவி

தாத்தா சொல்வதில் விஷயம் இருக்கிறது கண்ணு. பனைக்கு ஆணிவேர் தடித்து ஓடாது, சல்லிவேர் கொத்தாக மண்ணைப் பிடிக்கும், சின்ன ஏரியின் கரையோரத்தில் நல்லது. ஆனால் குடிநீர் ஏரி அளவுக்குப் பெரிய கரையின்மேல் எந்தப் பெரிய மரமும் வேண்டாம் என்பேன். உயிரோடு இருக்கும் மரத்தைவிட வெட்டிய மரம்தான் கெட்டது: வேர் உள்ளேயே செத்து மக்கி, அது இருந்த இடம் குழாயாகிவிடும். வெளிச்சரிவுக்கு அறுகம்புல் போதும், மழை அரிக்காது, கசிவு வந்தாலும் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு விஷயம் சொல்கிறேன், சித்திரை வெயிலில் சுற்றிலும் புல் காய்ந்திருக்கும்போது ஓரிடத்தில் மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தால், அங்கே உள்ளே தண்ணீர் வருகிறது.

வளைகளையும் பார். எலி, நண்டு, கரையான் புற்று. 2019 ஜூலை 2ஆம் தேதி மகாராஷ்டிரத்தின் ரத்னகிரி மாவட்டத்தில் திவரே என்ற மண் அணை இரவில் உடைந்து கீழே இருந்தவர்களை அடித்துக்கொண்டு போனது. நண்டுகள்தான் காரணம் என்று அந்த மாநில அமைச்சர் ஒருவர் சொன்னார். கசிகிறது என்று ஊர்க்காரர்கள் முன்பே முறையிட்டிருந்தார்கள். நண்டு வளை போடத்தான் செய்யும், போட்டதைப் பார்த்து அடைப்பது மனிதர்கள் வேலை.

கந்தளாய்க் குளம் உடைப்பெடுத்தபோது நான் சின்னப் பிள்ளை. ஆயிரம் வருஷத்துக்கு மேல் நின்ற குளக்கட்டு ஏன் திடீரென்று போனது?
- திருகோணமலை வாசகர்

1986 ஏப்ரல் 20, விடியற்காலை 3 மணி அளவில். எல்லோரும் தூக்கத்தில் இருந்த நேரம், 120 பேருக்கு மேல் இறந்தார்கள். ஏழாம் நூற்றாண்டு வாக்கில் இரண்டாம் அக்கபோதி என்ற சிங்கள மன்னன் கட்டியதாகச் சொல்லப்படும் குளம், நம் மக்கள் குளக்கோட்டன் என்ற மன்னன் கட்டியதாகச் சொல்வார்கள். குளக்கட்டின் மேலே கனரக வாகனங்கள் ஓடியதை உடைப்புக்கான காரணங்களில் முக்கியமாகச் சொல்கிறார்கள். கட்டியவர்கள் மாட்டுவண்டிக்குக் கட்டினார்கள். பாரமும் அதிர்வும் சேரும்போது கட்டின் தலைப்பகுதி இறங்கும், வெடிப்பு விழும், தண்ணீர் மட்டம் ஏறும்போது அந்த வெடிப்பு வழியே நுழையும். நீங்கள் கேட்டது கந்தளாயைப் பற்றி என்றாலும் இங்கே உள்ளவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்: ஏரிக்கரையைக் குறுக்கு வழியாக்கி டிப்பர் லாரி விடுவது எந்த ஊரிலும் தப்பு. உங்கள் பக்கம் வான் (கலங்கல்) பாயும்போது குடும்பத்தோடு போய்ப் பார்க்கும் வழக்கம் உண்டல்லவா, அப்போது துருசடியில் (மதகடியில்) இறங்கி வெளிப்பக்கமும் ஒரு பார்வை பாருங்கள்.

இதற்கெல்லாம் சட்டம் எதுவும் இல்லையா?
- தாம்பரம் வாசகர்

இருக்கிறது. 2021ஆம் ஆண்டின் அணைப் பாதுகாப்புச் சட்டம். 15 மீட்டருக்கு மேல் உயரமான அணைகள் அதில் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உள்ளவையும், கரை நீளம் 500 மீட்டருக்குக் குறையாமலோ கொள்ளளவு 10 லட்சம் கன மீட்டருக்குக் குறையாமலோ இருந்தால் வரும். பருவமழைக்கு முன்னும் பின்னும் கரையைப் பார்த்து அறிக்கை வைக்க வேண்டும். உங்கள் ஏரி அதில் வராவிட்டாலும் கவலைப்படாமல், மழைக்கு முன் கரையைப் பார்த்தீர்களா, யார் பார்த்தது, என்ன எழுதினார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். அப்படியே கரை லஸ்கர் எத்தனை பேர், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருவர் என்றும் கேளுங்கள். ஒருவர் ஓய்வு பெற்றால் அந்த இடத்தை நிரப்பாமல் விடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

காலை நடை போகும்போது கரைக்குக் கீழே கால்வாயில் ஆங்கில 'வி' போல வெட்டிய ஓர் இரும்புத் தகடு பார்த்தேன். அதன் வழியாகத் தண்ணீர் விழுகிறது. எதற்கு அது?
- பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகர்

கரையின் நாடி அது. வி நாட்ச் என்போம். கரைக்குள்ளிருந்து வரும் கசிவை எல்லாம் வடிகாலில் சேர்த்து அந்த வெட்டு வழியாக விழ வைப்பார்கள். வெட்டின் அடிமுனையிலிருந்து தண்ணீர் எவ்வளவு உயரம் நிற்கிறது என்று பார்த்தால் கசிவின் அளவு தெரியும். செங்கோண வெட்டு என்றால், 10 சென்டிமீட்டர் நின்றால் விநாடிக்கு 4 லிட்டருக்குக் கொஞ்சம் மேல். உயரம் இரண்டு மடங்கானால் தண்ணீர் ஐந்தரை மடங்குக்கு மேல் போகும், அதனால் விரல் கடை ஏறினாலும் கவனிக்க வேண்டும். ஏரி மட்டம் ஏறும்போது இதுவும் கொஞ்சம் ஏறுவது இயல்பு. ஏரி மட்டம் அப்படியே இருக்க, மழையும் இல்லாமல் இது மட்டும் ஏறினால் உள்ளே ஏதோ வழி திறந்திருக்கிறது. திடீரென்று குறைந்தாலும் சந்தோஷப்பட வேண்டாம், தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டதா என்று தேட வேண்டும்.

அதன் அருகில் ஸ்கேல் மாதிரி ஓர் அளவுகோல் நட்டிருப்பார்கள். அடுத்த முறை போகும்போது அதில் பாசி ஏறி எண் மறைந்திருக்கிறதா, தகட்டுக்குப் பின்னால் வண்டல் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எனக்கு எழுதுங்கள். முடிந்தால் அளவையும் எழுதுங்கள், ஐப்பசியில் ஒன்று, மார்கழியில் ஒன்று, பக்கத்தில் அன்றைய ஏரி மட்டம்.